இரண்டு வரியான நைனார்பாளையம்

ஆகஸ்ட் 19, காலை 10.20. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து கரும்பு வெட்டும் ஒருவர் போன் செய்தார். பிரசவத்தில் அவர் மனைவிக்கு ரத்தப்போக்கு. பி நெகடிவ் வேண்டும். ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை நான் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து, மலை ஊரான கரியாலூரிலிருந்து ஒருவரை வரவழைத்திருக்கிறார்.

"ஐயா, அவருது ஓ பாசிட்டிவ்ன்றாங்க. உங்க லிஸ்ட்ல பி நெகடிவ்னு இருக்குதே?"

"நீ வரி மாத்திப் படிச்சிருப்பே. நாப்பத்தாறு பேரு. ரெண்டு தடவ எண்ணிப் போட்டது."

நான் சொன்னதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருஷம் எடைப் பதிவேடு எழுதியவன் நான். மேலிருந்து கீழே வண்டி எண்களை முடித்துவிட்டுத்தான் எடைகளை எழுதுவேன். இணையத்திலும் அதையே செய்தேன். ஊரும் போன் எண்ணும் ஒரே நீளக் கட்டத்தில் நாற்பத்தாறு வரி. பக்கத்துக் கட்டத்தில் ரத்த வகை நாற்பத்தாறு வரி. என் கம்ப்யூட்டரின் பிரவுசரில் பிசகாமல் எதிரெதிரே நின்றன. பிரவுசிங் சென்டர் பெண் அப்போதே சொன்னாள்: "ஆளுக்கு ஒரு வரிசை போடுங்க சார். வேற பிரவுசர்ல கலைஞ்சிடும்."

"எனக்கு எண்ணத் தெரியும்மா" என்றேன்.

போனை வைத்ததும், சரியான வரியைக் காட்டிக் கொடுக்க மொபெட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கணவர் தன் போனை நீட்டினார். பதினொன்றாவது வரி நைனார்பாளையம். அவருடைய பிரவுசரில் அகலம் போதாமல் எண் மடங்கி அடுத்த வரியில் விழுந்திருந்தது. அதற்குக் கீழே முப்பத்துநான்கு பேருக்கு எதிரில் அடுத்தவரின் ரத்தம். கடைசி ஆளுக்கு ஒன்றுமே இல்லை.

அப்படியானால் பி நெகடிவ், பட்டியலில் கரியாலூர்க்காரருக்கு அடுத்தவர். உளுந்தூர்பேட்டையில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். கூப்பிட்டேன். 12.05க்கு வந்து ரத்தம் கொடுத்தார். முதல் போனிலிருந்து நூற்றைந்து நிமிஷம். கணவர் கதவருகிலேயே நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

கரியாலூர்க்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "ரத்தம் வேணும்னாங்க, ஜீப்புல ஏறிட்டேன். இன்னா வகைன்னு என்னை யாரும் கேக்கல. நீங்க போட்ட லிஸ்டா பெரியவரே? நல்லா எண்ணியிருக்கீங்க!"

"அவரு போன் பழசு, அதான்" என்றேன், கணவர் காதில் விழும்படியாக.

தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரிசையாக மாற்றினேன். டீக்கடையில் ஐந்து பேரின் போனை வாங்கி மூன்று பிரவுசரில் பார்த்தேன். எங்கே மடங்கினாலும் ரத்தம் அதற்குரிய ஆளோடே நின்றது. அதன் பிறகும் ஆஸ்பத்திரிப் பக்கம் போக ஒரு நாள் தயங்கினேன்.

நான்காம் நாள் வார்டுக்குப் போய்ச் சொன்னேன்: "நீங்க சரியாத்தான் படிச்சீங்க. தப்பு என்னுது. போன் மேல பழி போட்டதும் பொய்."

"தெரியும் ஐயா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே அந்தக் கரியாலூர்க்காரரு புது போன்லயும் பார்த்தோம். அப்பிடியேதான் இருந்துச்சு."

தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு என்னை மறுத்துப் பேசாமல் நின்றிருக்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை. மலையிலிருந்து வந்த ஜீப்புக்கு அவர் கொடுத்த வாடகை எவ்வளவு என்று கேட்டு, அந்தத் தொகையை அவர் கையில் வைத்தேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.