ஆற்றங்கரையில் கூப்பிட்ட பெயர்

புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுப்பார்கள். எதற்கெடுத்தாலும் எதிர்வாயாடுகிற நான், இதை மட்டும் மறுபேச்சில்லாமல் நம்பினேன். எனக்கு 'ஏனுங்க' போதும். கூப்பிட்டால் அவரும் திரும்புவார், தெருவில் போகிற நாலு பேரும் திரும்புவார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும்.

பரமத்தி வேலூரில் ஆற்றை ஒட்டி எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அவருக்கோ மீன் பைத்தியம். தோட்ட வேலை முடிந்ததும் சின்னப் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த ஆடியில் காவிரி செந்தண்ணீராக ஓடியது. இன்றைக்கு வேண்டாம் என்றேன். என் பேச்சு என்றைக்கு எடுபட்டிருக்கிறது?

"கரையோரத்துலதான் வலை போடறேன். நீ கூழு கொண்டுட்டு வா" என்றார்.

தூக்குப்போசியோடு நான் போனபோது துடுப்பு மட்டும் தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. பரிசல் சுழன்று சுழன்று நடு ஆற்றுக்கு நகர்ந்தது. அவர் இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தார். தண்ணீர் போகிற திசையில் கொஞ்ச தூரத்தில் பாறைகள் இருந்தன. அந்த வெள்ளத்தில் நீச்சல் தெரிந்தும் பிரயோசனமில்லை. கரையில் பெரிய பரிசல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது, ஓட்ட ஆள்தான் இல்லை. மேட்டிலே கொடிக்காலுக்குள் வெற்றிலை கிள்ளுகிறவர்களின் பேச்சு கேட்டது. அங்கே ஏறிப் போய்ச் சொல்லி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"ஏனுங்க! பரிசல் போகுதுங்க!" என்று கத்தினேன்.

கொடிக்காலுக்குள்ளிருந்து உடனே பதில் வந்தது: "நீங்க போங்கம்மா, நாங்க யாரும் அக்கரைக்கு வரலீங்க!"

பரிசல் துறையில் அக்கரைக்கு ஆள் ஏற்றுகிறவன் தினமும் கத்துவதும் 'பரிசல் போகுதுங்க' என்றுதான். பாவி, எனக்கு அந்த நேரத்தில் வேறு வார்த்தை வரவில்லை. "ஏனுங்க, ஏனுங்க" என்று தொண்டை கிழியக் கூவினேன். உள்ளே யாரோ சிரித்தார்கள்.

"எவனோ சோத்துக்குப் போகாம ஒக்காந்திருக்கான். ஊட்டுக்காரம்மா கூப்புடறா, போங்கப்பா."

பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூப்பிட்டால் ஆயுசு குறையும், கூப்பிடாவிட்டால் ஆளே இருக்க மாட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் குரலில் அந்தப் பெயரை நானே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

கொடிக்காலுக்குள் பேச்சு நின்றது. யார் பெயர், யார் குரல் என்று பிடிபட்டுவிட்டது. பெண்டாட்டி வாயில் அந்தப் பெயர் வருகிறதென்றால் உயிர் போகிற காரியம் என்று அவர்களுக்குத் தெரியாதா? கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். இரண்டு பேர் பெரிய பரிசலைத் தள்ளிக்கொண்டு போய், பாறையில் மோதுவதற்குக் கொஞ்சம் முன்னால் கயிறு வீசி அவரைப் பிடித்தார்கள். கரைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கூழைத்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு துடுப்பைப் பரிசலோடு கட்டிக்கொண்டார். மிதப்பதற்கு இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டாமல் ஆற்றில் இறங்குவதில்லை. எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. அவர் தும்மினாலும் குறைந்த ஆயுசின் கணக்கு வந்துவிட்டதோ என்று பதறுவேன். யாரிடமும் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து அவருக்கு விஷக் காய்ச்சல் கண்டது. கஞ்சி ஊட்டும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"உங்க பேரைச் சொல்லி நாந்தானுங்க ஆயுசைக் குறைச்சுப்புட்டேன்" என்று அழுதேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே முடிஞ்சு போன ஆயுசு புள்ளே. இப்ப ஓடறது நீ கூப்புட்டு வாங்குனது" என்றார். பிறகு இன்னொரு வாய் கஞ்சி கேட்டார்.