அம்பா வழக்கு

எங்கள் நிலாவெளிக் கரையில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிற்றில் நிற்கிற மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிக்கொண்டு இழுப்பார்கள். கயிற்றில் பாடியதைக் கரையேறியபின் யாரும் குற்றமாகத் தூக்கிப் பிடிக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் தொப்பையைப் பாடலாம், கஞ்சத்தனத்தையும் பாடலாம். அவர் சிரித்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். வேறெங்கும் வாய் திறக்கப் பயந்த மனிதர்கள் கயிற்றைப் பிடித்ததும் ராசாக்களாகிவிடுவார்கள்.

அடியெடுத்துக் கொடுப்பவர் என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். கறிக்கு உப்புக் குறைந்தால் அதையும் பாடி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள்.

நாட்டில் சண்டை முடிந்து எல்லோரும் தாராளமாகக் கடலுக்குப் போகத் தொடங்கிய காலம் அது. எனக்கு எட்டு வயது. எங்கள் கரையில் ஒவ்வொரு வலைக்கும் முறைநாள் உண்டு. புருசனை இழந்த ஒரு அக்காவின் முறைநாளில் பெரிய சம்மாட்டி தன் வலையை விட்டார். நியாயம் கேட்கப் போன அந்த அக்காவின் தம்பியைச் சம்மாட்டியின் மூத்த மகன் தடியால் அடித்துக் கையை முறித்துவிட்டான். கரை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் அதே சம்மாட்டியின் கயிற்றில் நின்றுகொண்டு மாமா எடுத்தார்:

“மூத்தவன் கையில தடி, ஏலேலோ
முறையெல்லாம் போச்சுதடி, ஏலேலோ”

முதல் ‘ஏலேலோ’ முனகலாகத்தான் வந்தது. இரண்டாவதற்குக் கரையே அதிர்ந்தது. சம்மாட்டி சிரிக்கவில்லை. ஊருக்கு முன்னால் தன் மானத்தை வாங்கிவிட்டான் என்று நேரே பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார். கை முறிந்ததைக் கேட்க வராத பொலிஸ் பாட்டைக் கேட்க வந்தது. மாமாவை அடுத்த நாள் காலையில் வரச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வரும்படி அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “பொய் பாடியிருந்தாக் கேக்கலாம் அத்தான். இதுக்கு ஏலாது” என்றார் மாமா.

அம்மா அந்தக் கதையில் தலையிடவேயில்லை. காலையில் என்னைக் குளிப்பாட்டி, திருவிழாச் சட்டை போட்டு, ரிப்பன் கட்டி, மாமாவிடம் கொண்டுவந்து விட்டார். மாமா வேண்டாம் என்று மறுத்தும் அம்மா கேட்கவில்லை. “மாமாவின்ர கையை விடக்கூடாது. ஆர் சொன்னாலும் விடக்கூடாது. விளங்கிச்சோ?” என்று என்னிடம் சொன்னார். பஸ்ஸில் போகப்போகிற சந்தோசத்தில் பலமாகத் தலையாட்டினேன்.

பொலிஸ் நிலையத்தில் சம்மாட்டி கதிரையில் இருந்தார். நாங்கள் நின்றோம். பொலிஸ் பெரியவர் சிங்களத்தில் சொல்ல, ஒரு கொன்ஸ்டபிள் தமிழில் சொன்னார். மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போகலாமாம். மாமா, “பாடினது பொய் எண்டு அவர் சொல்லட்டும் ஐயா, வைக்கிறன்” என்றார். சம்மாட்டி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. மாமாவைப் பின்னறைக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

“பிள்ளை வெளியில இருக்கட்டும்” என்று கொன்ஸ்டபிள் என் தோளைத் தொட்டார். நான் இரண்டு கையாலும் மாமாவைக் கட்டிப் பிடித்தேன். அவர் இழுக்க, நான் வைத்த ஓலத்தில் வெளியே நின்ற சனமெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. பெரியவர் சனத்தைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், கடைசியில் கையை வீசி எங்களைப் போகச் சொன்னார்.

அந்தச் சம்மாட்டி பிறகு மாமாவைத் தன் கயிற்றில் சேர்க்கவில்லை. மாமா குச்சவெளிக்குப் போய் வலை இழுத்தார். அங்கேயும் அதே பாட்டைத்தான் முதலில் எடுத்தாராம். அந்த அக்காவின் முறைநாளில் மட்டும் அதன்பிறகு யாரும் கைவைக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும், சட்டையைக் கசக்கிவிட்டேன் என்று அம்மா ஏசப்போகிறார் என்று பயந்தேன். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதார். சட்டைக்காகத்தான் அழுகிறார் என்றே நினைத்தேன். அம்மாவுக்கு ஒரு அண்ணனும் இருந்தார் என்பதும், சண்டைக் காலத்தில் விசாரணைக்கென்று கூப்பிட்டபோது அவர் தனியாகத்தான் போனார் என்பதும் எனக்குத் தெரிய இன்னும் பல வருசம் இருந்தது.