பென்சிலால் தேய்த்துப் பார்த்த விமானங்கள்

திருநெல்வேலி டவுனில் உட்கார்ந்துகொண்டு விமானங்களுக்கு நம்பர் வாங்கிக் கொடுத்தவர் ஞானசம்பந்தன். விமானத்தில் ஏறியிருக்கிறாரா என்றால், கிட்டத்தில் நின்று பார்த்ததுகூடக் கிடையாது. வாகைக்குளத்தில் விமான நிலையம் திறந்த புதிதில் பஸ் பிடித்துப் போய் வேலிக்கு வெளியே ஒரு பகல் முழுக்க நின்றார். அன்றைக்கென்று பார்த்து ஒன்றும் வரவில்லை. இரண்டு வடை தின்றுவிட்டுத் திரும்பினார்.

இந்த விமான வேலைக்கு முன்னால் வெளி மாவட்டத்து ஆர்.டி.ஓ. அலுவலகம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் குமாஸ்தா. புது வண்டி பதிவுக்கு வந்தால் அடிச்சட்டமான சேஸிஸில் வெட்டியிருக்கும் எண்ணின்மேல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்கள். எண் அப்படியே தாளில் எழும்பும். அதைக் கோப்பில் ஒட்ட வேண்டும். மற்றவர்கள், புரோக்கர் தேய்த்துக் கொடுத்ததை ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலில் இறங்கி, வண்டிக்கு அடியில் தாமே நுழைவார். ஆபீஸில் இவரைத் திட்டாத ஆள் இல்லை.

தொண்ணூற்றொன்றில் ஒரே ஒரு வேனுக்கு மட்டும் இறங்கவில்லை. "நம்ம ஆளு வண்டிதான், போடும்" என்றார் மேலதிகாரி. போட்டார். ஆறே மாதத்தில் அது திருட்டு வண்டி என்று தெரிந்தது. மேலதிகாரிக்கு இடமாற்றம், இவருக்குக் கட்டாய ஓய்வு. எப்பேர்ப்பட்ட நியாயம் பாருங்கள்! வீட்டுக்கு வந்த அன்று மனைவி ஆவுடைத்தாயிடம், "இனிமே கண்ணால பாக்காம ஒண்ணுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். அவள் கரண்டியை நீட்டி, "முதல்ல இதுல உப்பு இருக்கான்னு பாருங்க" என்றாள்.

மேலப்பாளையத்து அலி அக்பர் அந்தக் காலத்தில் அந்த ஆபீஸுக்கே வந்துபோன லாரி புரோக்கர். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று இவரைத் திட்டித் திட்டியே சிநேகிதரானவர். பிறகு சார்ஜாவுக்குப் போய், பணக்காரர்களின் சொந்த விமானங்களுக்குக் காகித வேலை பார்க்கும் கம்பெனி ஒன்றில் மேனேஜரானார். தொண்ணூற்று நாலில் லீவுக்கு வந்தவர் நேரே ஞானசம்பந்தன் வீட்டுக்கு வந்து, "வே, கோப்பச் சரிபாக்க ஒரு ஆள் வேணும். உம்ம விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார்.

"வண்டி எங்க நிக்கி?" என்று கேட்டார் ஞானசம்பந்தன்.

"சார்ஜாவுல."

"செஞ்சது?"

"அமெரிக்காவுல."

"ஓனரு?"

"அவரு பாதி நாளு லண்டன்ல கிடப்பாரு. ஆனா ஓனருன்னு காகிதத்துல ஒரு கம்பெனி பேருதான் இருக்கும். அந்தக் கம்பெனி கேமன் தீவுல. பதிவும் அங்கனதான்."

"பிளேனு அந்தத் தீவுக்குப் போயிருக்கா?"

"எதுக்குப் போகணும்? அங்கன பதிஞ்சா வரி கிடையாது, ஓனரு யாருன்னு வெளிய தெரியாது."

வரிக்குப் பயந்து பாண்டிச்சேரியில் பதிந்த கார்கள் ஞானசம்பந்தனுக்கு ஞாபகம் வந்தன. "பாண்டிச்சேரி ரிஜிஸ்ட்ரேசன்னு சொல்லும்."

"அதேதான் வே! இத உமக்குச் சொல்லிப் புரியவைக்க எங்க ஆபீஸ்ல ஒரு வெள்ளைக்காரனால முடியாது."

இப்படித்தான் ஆரம்பித்தது. வாகையடி முனையில் முத்துமாலை வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு சார்ஜாவிலிருந்து பேக்ஸ் வரும். அசல் காகிதங்கள் கூரியரில் வரும். ஒவ்வொரு கோப்பிலும் தயாரித்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டம். இரண்டாவது கட்டம் ஞானசம்பந்தனுக்கு. இரண்டிலும் கையெழுத்து இல்லாமல் கோப்பு தீவுக்குப் போகாது. அந்த விதியைப் போட்டவரே அலி அக்பர்தான்.

முதல் கோப்பிலேயே ஞானசம்பந்தன் பென்சில் பதிவு கேட்டார்.

"உமக்குக் கிறுக்கா வே? அது பிளேனு. லாரி இல்ல" என்று போனில் கத்தினார் அலி அக்பர்.

"அதுலயும் நம்பர் தகடு அடிச்சிருப்பான்லா?"

"அடிச்சிருப்பான்."

"அப்ப தேய்க்கச் சொல்லும்."

அலி அக்பர் தலையில் அடித்துக்கொண்டு, மலையாளி மெக்கானிக் ஒருவனுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் தேய்த்து வாங்கி அனுப்பினார். மூன்று வருஷத்தில் பதினோரு விமானங்கள் இப்படிப் போயின. பதினோரு தாளும் ஞானசம்பந்தன் பீரோவில் ஆவுடைத்தாயின் பட்டுச் சேலைக்கு அடியில் இருந்தன. தெருவில் "பிளேன் புரோக்கர்" என்று கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். உள்ளுக்குள் அவருக்கு அதில் பெருமைதான்.

பன்னிரண்டாவது விமானம் தொண்ணூற்றேழில் வந்தது. சார்ஜாவில் நிற்கவில்லை, ஜெனீவாவில் நின்றது. அமெரிக்கப் பதிவை ரத்து செய்தாயிற்று, தீவுப் பதிவு இன்னும் ஆகவில்லை. நடுவில் நிற்கிற விமானத்துக்கு எந்த நாடும் கிடையாது, ஓர் அடி பறக்க முடியாது. சொந்தக்காரரோ பெட்டி கட்டிக்கொண்டு ஓட்டலில் உட்கார்ந்திருந்தார். தேய்க்க அங்கே மலையாளி மெக்கானிக் இல்லை.

"தகட்டப் போட்டோ புடிச்சு பேக்ஸ்ல அனுப்பியிருக்கேன். பாத்துட்டுப் போட்டுரும்" என்றார் அலி அக்பர்.

பேக்ஸில் ஒரு கறுப்புச் சதுரம் வந்திருந்தது. முத்துமாலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ராத்திரில புடிச்சிருப்பானோ?" என்றான்.

"ஒண்ணும் தெரியலயே வே" என்றார் ஞானசம்பந்தன் போனில்.

"தெரியாட்டி என்ன? நான் சொல்லுதேம்லா? நம்ம பார்ட்டிதான் வே, போடும்."

ஆறு வருஷத்துக்கு முன்னால் மேலதிகாரி வாயில் கேட்ட அதே சொல். "தேய்ச்சு அனுப்பச் சொல்லும்" என்றார்.

இரண்டாம் நாளும் போன் வந்தது. மூன்றாம் நாள் அலி அக்பர் கெஞ்சினார். "கம்பெனி முதலாளிக்குத் தெரிஞ்சு போச்சு வே. திருநெல்வேலில ஒருத்தன் பென்சில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், அதனால பார்ட்டி பிளேனு நிக்குதான்னு கேக்கான். விசாவ கேன்சல் பண்ணிருவான். மக அஸீலாவுக்கு நிக்காஹ் பேசி முடிச்சிருக்கு. உம்ம கால்ல விழுதேன், ஒரே ஒரு கையெழுத்து."

ஞானசம்பந்தன் பூத்துக்குள் வியர்த்து நின்றார். "என் கை வரமாட்டேங்கு வே" என்றார். அலி அக்பர் போனை வைத்துவிட்டார்.

ஆறாம் நாள் கூரியரில் தாள் வந்தது. ஜெனீவாவில் எவனோ ஒரு வெள்ளைக்காரன், என்ன நினைத்துக்கொண்டு தேய்த்தானோ, அழகாகவே தேய்த்திருந்தான். ஞானசம்பந்தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். எண் சரியாக இருந்தது. ஒரு புள்ளி பிசகில்லை. கையெழுத்துப் போட்டு பேக்ஸ் அனுப்பினார். பதினைந்தாம் நாள், விசா ரத்தாகி, அலி அக்பர் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

அந்த எண் தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று நெல்லையப்பர் சன்னதியில் நின்றே அங்கலாய்த்தார் ஞானசம்பந்தன். சாமியிடம் போய்க் கேட்கிற கேள்வியா இது! அஸீலாவின் நிக்காஹ் சின்னதாக நடந்தது. இவருக்குப் பத்திரிகை வரவில்லை. ஆனாலும் அன்று காலையிலேயே குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு, சாயங்காலம் வரை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மத்தியானம் ஆவுடைத்தாய் பாயசம் வைத்தாள்.

அடுத்த வருஷம் ஆடியில் வாசலில் ஒரு மெட்டடார் வேன் வந்து நின்றது. இறங்கியவர் அலி அக்பர். தாடி நரைத்திருந்தது. திசையன்விளையில் பழைய வேன் வாங்கி வாடகைக்கு ஓட்டப் போகிறார். வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். ஞானசம்பந்தன் அப்போது வீட்டிலிருந்தே வண்டிக் காகிதங்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டவுனில் அந்த வேலைக்கு இருபது பேர் இருந்தார்கள்.

"நீரு கேப்பீருன்னு தெரியும். தேய்ச்சே கொண்டாந்துட்டேன்" என்று சட்டைப் பையிலிருந்து மெல்லிய தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஞானசம்பந்தனின் கை தன்பாட்டுக்குச் சட்டைப் பையிலிருந்த பென்சிலுக்குப் போயிற்று. அலி அக்பர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கையை இறக்கி, மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்தார். "நீரு தேய்ச்சது. சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அலி அக்பர் வெடுக்கென்று தாளை இழுத்துக்கொண்டார். "ஏன் வே, இதுக்கு மட்டும் என்ன சலுகை? என் சார்ஜா வேலையத் தின்ன பென்சிலு அது. எடும் வெளிய. வாரும்."

தெருவில் நல்ல வெயில். ஞானசம்பந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனுக்கு அடியில் நுழைந்தார். அலி அக்பர் புழுதியில் முழங்காலிட்டு, கையை உள்ளே நீட்டி, தாள் நகராமல் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டார். பென்சில் ரொம்ப நேரம் தேய்த்தது.

"சரியா இருக்கா?" என்றார் அலி அக்பர்.

"இருக்கு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் வந்தது.

"பின்ன என்ன, வந்து கையெழுத்தப் போடும் வே."