மேல் ஸ்தாயியில் பிளந்த சுரம்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், கொச்சியின் மட்டாஞ்சேரியில், அரங்கமாக மாற்றப்பட்ட ஒரு பழைய மிளகுக் கிடங்கில் நடந்தது இது.

பகலில் நான் ஒரு மசாலா ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கர். மாலையில், என்னைப்போல வேறு வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஆர்கெஸ்ட்ராவில் பிரெஞ்சு ஹார்ன் வாசிக்கிறேன். ஹார்ன் என்றதும் "பஸ்ஸிலா?" என்று கேட்காதவர்கள் குறைவு. சுருட்டி வைத்த நீண்ட பித்தளைக் குழாய், அகன்ற வாய், அதற்குள் நுழைத்த வலது கை. அதுதான் என் வாத்தியம். மேல் ஸ்தாயியில் அதன் சுரங்கள் மிக நெருக்கமாக இருக்கும். விரல் சரியாக இருந்தாலும் உதடு இம்மி பிசகினால் ஒலி பிளந்துவிடும்.

பூட்டிய பிறகும் கதவை இருமுறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். எங்கள் முதல் ஹார்ன்காரர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட, அவருடைய தனிப் பகுதி என்னிடம் வந்தது. மற்றவர்கள் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். நான் மட்டும் மெல்லிய ஒலியில் ஏறி ஓர் உச்சச் சுரத்தைத் தொட வேண்டும். சற்று நேரத்தில் அதே மெட்டு மறுபடியும் வரும். ஒத்திகையில் அந்தச் சுரம் ஒரு நாள் வந்தது, ஒரு நாள் வரவில்லை.

நிகழ்ச்சிக்கு முன், எதிரே நின்று கையசைத்து ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் எங்கள் கண்டக்டர் அருகே வந்தார். என்னைவிட இளையவர், மலையாளி.

"சாரே, டென்ஷன் வேண்டா. பயமானா கீழ் ஸ்தாயியில வாசிச்சோ. ஆரும் அறியாது."

"நான் அறிவேனே" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

என் முறை வருவதற்குள் குழாய் குளிர்ந்துவிட்டது. மூச்சின் ஈரம் உள்ளே தேங்கி நின்ற நீரை வடித்துவிட்டு, ஊதினேன். உச்சியில் ஒலி பிளந்தது. ஆட்டுக்குட்டி கத்தியதுபோல் இருந்தது. முன்வரிசையில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். காது சூடாக, மிச்சத்தை எப்படியோ வாசித்து முடித்தேன்.

மெட்டு இரண்டாம் முறை நெருங்கியபோது கண்டக்டர் இடது கையைத் தாழ்த்திக் காட்டினார். கீழேயே வாசித்துவிடு என்று அர்த்தம். அப்படி வாசித்தால், மாடிக்கு ஏறுகிறவன் பாதிப் படியில் நின்றுவிடுவதுபோல் ஆகிவிடும் அந்த மெட்டு. கெட வேண்டியதும் ஏற்கெனவே கெட்டாகிவிட்டது. நான் லேசாகத் தலையசைத்து மறுத்தேன். தயங்காமல் மூச்சை விட்டேன். சுரம் வந்தது. கூரையில் மழை விழும் சத்தத்துக்கு மேலே, சுத்தமாக, நான் ஆசைப்பட்ட அளவுக்கு நின்றது.

முடிந்ததும் எங்கள் மாடிவீட்டு மாமி, பாலக்காட்டுக்காரர், கணவரோடு என்னைத் தேடி வந்தார்.

"மொதல்ல ஏதோ ரெக்கார்டைப் போட்டுட்டு சும்மா கையிலே வச்சுண்டிருக்கேள்னு நெனச்சேன் சார். ஒரு எடத்துல பொளந்துதே, அப்பதான் நெஜமாவே ஊதறேள்னு தெரிஞ்சுது. மறுபடி அந்த எடம் வந்தப்போ பயத்துல இவர் கையைப் புடிச்சுண்டுட்டேன்."

"கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிப் புடிக்கலே" என்றார் மாமா, விரல்களை நீவியபடி.

மூவரும் சிரித்தோம். முதல் முறை பிளக்காமல் இருந்திருந்தால், இரண்டாம் முறைக்கு யாரும் மூச்சைப் பிடித்திருக்கமாட்டார்கள் என்று வீடு திரும்பும் வழியில் தோன்றியது.

இன்றும் கதவை இருமுறை இழுத்துப் பார்க்கிறேன். ஆனால் உச்சச் சுரம் வரும் இடத்தில், அது பிளந்துவிடலாம் என்று தெரிந்தேதான், எங்கோ ஒருவர் எனக்காகப் பக்கத்துக் கையை இறுக்கிப் பிடித்திருப்பார் என்ற நிம்மதியோடு ஊதுகிறேன்.