இருட்டைக் காப்போம் விழா

என் தங்கை புருஷனுக்கு ஊரார் வைத்த பெயர் 'வருகவருக'. நகராட்சியில் கொசு மருந்து அடிக்கத் தற்காலிகமாகச் சேர்ந்தவர். ஒரு திறப்பு விழாவில் நகராட்சித் தலைவர் ரிப்பன் வெட்டப் போனபோது கத்தரிக்கோல் வெட்டவில்லை. கூட்டத்திலிருந்து பாய்ந்து சட்டைப் பையிலிருந்த பிளேடை எடுத்து நீட்டினார் மாப்பிள்ளை. அதோடு கொசுக்களுக்கு நல்ல காலம் பிறந்தது. மேடை, மைக், நாற்காலி, பேனர் என்று விழா வேலை முழுக்க அவர் தலையில் வந்து சேர்ந்தது. அவர் அடிக்கிற பேனர்களில் மேலே 'வருக வருக' என்று இருக்கும். கீழே தலைவர் படம் ஆள் உயரத்துக்கு. எதற்கு விழா என்பது இடம் மிச்சமிருந்தால் கடைசி வரியில் வரும்.

தலைவர்கள் மாறினார்கள். மாப்பிள்ளை படத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். வேலை மட்டும் தற்காலிகமாகவே இருந்தது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் "அடுத்ததாகத் தண்ணீர்" என்றுதான் கேட்பார் என்று தங்கை சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

நான் கடற்கரைச் சாலையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு சைக்கிள் வாடகைக்கு விடுகிறவன். கடைக்கு எதிரே மணல். ஆகவே அவருடைய சாதனைகள் எல்லாம் என் கண்ணெதிரிலேயே நடந்தன. உழைப்பாளி இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாற்காலி கோணலாக இருந்தால் மனிதருக்குப் பொறுக்காது, வேகாத வெயிலில் ஓடிப் போய் நேராக்குவார். கடலில் சாக்கடை கலக்கிறதே என்று யாராவது கேட்டால், "அது வேற செக்‌ஷன்" என்பார்.

ஒருமுறை கடற்கரைத் தூய்மை நாள் நடத்தினார். விடியற்காலையில் நகராட்சி ஆட்கள் வந்து மணலைத் துடைத்து வைத்தது போலப் பெருக்கிவிட்டுப் போனார்கள். பிறகு மாப்பிள்ளை ஒரு சாக்குப் பையோடு வந்து குப்பையைத் தூவ ஆரம்பித்தார். தண்ணீர் பாட்டில், பால் கவர், பிளாஸ்டிக் டப்பா. எல்லாம் என் தங்கையை விட்டுக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தவை.

"என்ன மாப்பிள்ளை கூத்து இது?" என்றேன்.

"தலைவர் கையால எடுக்கணும்ல மச்சான்? கண்டதையும் தொட்டு அவருக்கு ஏதாவது ஒட்டிக்கிட்டா?"

தலைவர் வந்தார், கையுறை மாட்டிக்கொண்டார், கழுவின குப்பையை ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்தார். கேமராக்காரர்கள் கிளம்பியதும் பையை அப்படியே மணலில் போட்டுவிட்டுக் காரில் ஏறினார். காற்றில் பை கவிழ்ந்து அத்தனையும் கடலுக்குள் போயிற்று. அந்த வருடம் எங்கள் ஊருக்குப் பசுமை நகராட்சி என்று கேடயம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களும் இவர்களைப் போன்றவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

என் தங்கை வேறு ரகம். அவளும் நகராட்சியில் தினக்கூலிதான், ஆமை முட்டைக் காவல். கடலாமை கரையேறி முட்டையிட்டுவிட்டுப் போனால், அதை எடுத்து வந்து கம்பி வேலிக்குள் மணலில் புதைத்து, குஞ்சு பொரிக்கும்வரை நாயும் நண்டும் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டல்கள் பெருகிய பிறகு ஆமை வரத்தே குறைந்துபோயிற்று. இந்த வருடம் வந்தது ஒன்றே ஒன்று. அது இட்டுவிட்டுப் போன முட்டைகளைக் கண்ணும் கருத்துமாகக் காத்தாள். சாப்பிட வீட்டுக்குப் போனால் பாதியில் கை கழுவிவிட்டு ஓடி வந்துவிடுவாள். "என் பிள்ளைங்களக்கூட இப்படிப் பாக்கல அண்ணா" என்பாள்.

குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து நடப்பவை. இருட்டில் கடல்தான் லேசாகப் பளபளக்கும், அதைப் பார்த்துத் தண்ணீருக்குப் போய்விடும். கரையில் விளக்கு எரிந்தால் விளக்கை நோக்கி வந்து சாலையில் ஏறிச் சாகும். எங்கள் ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது. மாப்பிள்ளைக்கும் நன்றாகத் தெரியும்.

தெரிந்ததால்தான் விழா வைத்தார். பெயர், 'இருட்டைக் காப்போம்'. ஓட்டல்கள் விளக்கை அணைக்க வேண்டும் என்று தலைவர் பேசுவார், பிறகு குஞ்சுகளைக் கடலில் விடுவார். பேச்சை எழுதிக் கொடுத்ததும் மாப்பிள்ளைதான். இந்த விழா நல்லபடியாக முடிந்தால் வேலையை நிரந்தரமாக்கித் தருவதாகத் தலைவர் வாய் விட்டுச் சொல்லியிருந்தார். அதிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை.

விழா அன்று மதியம் ஜெனரேட்டர் வந்து இறங்கியது. பின்னாலேயே விளையாட்டு மைதானத்தில் போடுகிற பெரிய பெரிய விளக்குகள். பேனரைச் சுற்றி சீரியல் பல்பு. 'இருட்டைக் காப்போம்' என்ற எழுத்து பச்சையும் சிவப்புமாக மின்னி மின்னி அணைந்தது.

தங்கை வேலியிலிருந்து ஓடி வந்தாள். "என்னங்க இது? லைட்டு கூடாதுன்னுதானே விழாவே!"

"தலைவர் எப்படியும் லேட்டாத்தான் வருவார். இருட்டுல பேச்ச எப்படிப் படிப்பார்? கண்ணாடி போட்டா படத்துல வயசு தெரியுதுன்னு அதையும் போடறதில்ல."

"அப்ப குஞ்சுங்க?"

"பேச்சு முடிஞ்சதும் மொத்தத்தையும் அணைச்சிருவேன். அதுக்கப்புறம்தான் குஞ்சு. நான்தான் சொல்றேன்ல?"

"சத்தியமா?"

"உன் மேல சத்தியம்மா."

அவள் நம்பினாள். கட்டிக்கொண்டவள், நம்பாமல் எங்கே போவாள்? நான் நம்பவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போய் ஓரமாக நின்றேன்.

நன்றாக இருட்டிய பிறகு தலைவர் வந்தார். முன்வரிசையில் ஓட்டல் முதலாளிகள். ஒரு மரியாதைக்கு அன்றைக்கு எல்லோரும் தங்கள் ஓட்டல் விளக்குகளை அணைத்துவிட்டு வந்திருந்தார்கள். அந்தக் கரை முழுக்க எரிந்தது நகராட்சி விளக்கு மட்டும்தான்.

மேடையேறியதும் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டிவிக்காரங்க கிளம்பணுமாம். முதல்ல ஆமைய விட்ருவோம். பேச்சு அப்புறம்."

மாப்பிள்ளை திரும்பி என் தங்கையைப் பார்த்தார். அவள் குஞ்சுகள் இருந்த கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "சரிங்க தலைவரே" என்றார்.

"லைட்ட அணைங்க" என்றாள் தங்கை.

"இருட்டுல படம் எப்படிம்மா விழும்? ரெண்டே நிமிஷம். கொண்டா." கூடையை அவள் கையிலிருந்து பிடுங்கித் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே அதை மணலில் கவிழ்த்தார்.

கருப்பாக, உள்ளங்கையில் பாதிகூட இல்லாத குஞ்சுகள். கொஞ்சம் தடுமாறின. பிறகு அத்தனையும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மணலைத் தள்ளித் தள்ளிக்கொண்டு மேடையை நோக்கி வந்தன.

தங்கை ஜெனரேட்டரைப் பார்த்து ஓடினாள். மாப்பிள்ளை குறுக்கே விழுந்து அவள் கையைப் பிடித்தார். மறு கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டார் போலிருக்கிறது. "என்ன பண்ற? தலைவர் பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!" என்றது கடற்கரை முழுக்கக் கேட்டது. உடனே குரலை மாற்றிக்கொண்டு, "பெரியோர்களே, தாய்மார்களே! தங்களைக் காப்பாற்றிய தலைவரைத் தேடி, நன்றி சொல்ல ஓடோடி வருகின்றன இந்தக் குஞ்சுகள்!" என்றார்.

கைதட்டினார்கள். கொஞ்சமும் வெட்கமில்லாமல் கைதட்டினார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரியும், எல்லோரும் தட்டினார்கள். பிறகு போனைத் தூக்கிப் பிடித்தபடி, கீழே பார்க்காமல் முன்னால் வந்தார்கள்.

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. நானும் தங்கையும் மண்டியிட்டு, ஷூவுக்கும் செருப்புக்கும் நடுவில் கையை விட்டுப் பொறுக்கினோம். என் விரலை இரண்டு பேர் மிதித்தார்கள். தலைக்கு மேலே தலைவர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். "ஒரு சிறு விளக்குகூட இந்தச் சின்னஞ்சிறு உயிர்களுக்கு எமனாகிவிடும்." தப்பே இல்லாமல் படித்தார். வெளிச்சம் அவ்வளவு நன்றாக இருந்தது.

எல்லாம் முடிந்து விளக்கை அணைத்த பிறகு, உயிரோடு இருந்தவற்றைத் தங்கை தண்ணீரோரம் கொண்டுபோய் விட்டாள். கூடையின் அடிப்பாகம்கூட மறையாத அளவுக்குத்தான் இருந்தன. திரும்பி வந்து காலி நாற்காலிகளுக்கு நடுவில் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை டார்ச்சோடு ஓடி வந்தார். வாயெல்லாம் பல்.

"கேட்டியாம்மா? தலைவருக்கு அவ்வளவு சந்தோஷம். வேலை நிரந்தரம்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டார்! மச்சான், நீங்களும் கேட்டீங்கல்ல?"

தங்கை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

"செருப்பத் தூக்குங்க."

"என்னது?"

"தூக்குங்கன்னு சொன்னேன்."

ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். செருப்பின் அடியில் ஒரு குஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. தலை மட்டும் நசுங்காமல் இருந்தது. மாப்பிள்ளையின் முகம் வெளுத்துப்போயிற்று. சரி, இந்த ஆளுக்கும் ஒருவழியாக உறைத்துவிட்டது என்று நினைத்து, இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மச்சான், தலைவர் இதப் பாத்தாரா?"