"நல்லாருக்கறனுங்க" என்ற பதில்

இந்த ஊரில் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டால், பதில் வரும்வரை காத்திருக்கிறார்கள். நார்வேக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. எங்கள் ஊரான துடியலூரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். காய்கறிக் கடையில், கல்யாண மண்டப வாசலில், ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட, “நல்லாருக்கீங்ளா?” என்றால் “நல்லாருக்கறனுங்க, நீங்க?” அவ்வளவுதான், அவரவர் வழியில் கிளம்பிவிடுவோம். கேட்டவர் மனம் சங்கடப்படக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. அந்த மரியாதைதான் பெர்கன் நகர ஆஸ்பத்திரியில் என் காலை வாரிவிட்டது.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் தெருவில் சிக்குன்குனியா வீடு வீடாக ஏறி இறங்கியது. அம்மாவும் நானும் ஒன்றாகப் படுத்தோம். காய்ச்சல் சீக்கிரமே விட்டது. மூட்டு வலி விடவில்லை. “வைரஸ் போயிருச்சுங்க. வலியும் மெல்லப் போயிருங்க” என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் நின்ற கூட்டத்துக்கு நடுவே முகம் பார்த்து அந்த ஆறுதலைச் சொன்னதே பெரிது. நான் பெர்கனுக்குத் திரும்பிய பிறகு, தனக்கு வலி போய்விட்டதாக அம்மா போனில் சொன்னார். எனக்குப் போகவில்லை.

இங்கே கைப்பயிற்சிக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் கழித்து இங்கிரிட் என்ற நர்ஸ் ஒரு கேள்வித்தாள் கொடுத்தாள். ரத்தப் பரிசோதனை சொல்லாததை நோயாளியிடமே கேட்டு அறிவதற்காம். தூக்கம் வருகிறதா, சட்டை போட முடிகிறதா, வலி உங்கள் நாளை எவ்வளவு கெடுக்கிறது. வைரஸ் போன பிறகு மனுஷி எப்படி வாழ்கிறாள் என்று அளந்து பார்க்க இவ்வளவு மெனக்கெடுகிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ந்த வேகத்தில், இத்தனை அன்பாகக் கேட்கிறவளிடம் குறை சொல்வதா என்று எல்லாவற்றுக்கும் ‘சிரமமில்லை’ என்று குறித்துக் கொடுத்துவிட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. “அருமை. அப்படியானால் இனி நீங்கள் பயிற்சிக்கு வர வேண்டாம்.”

விரல்கள் கொஞ்சமாவது மடங்குவது அந்தப் பயிற்சியால்தான். ஆனாலும் நன்றி சொல்லி எழுந்து, மழைக் கோட்டை மாட்டி, வழக்கம்போல ஜிப்பைப் பல்லால் கடித்து மேலே இழுத்தேன். கேள்வித்தாளில் பல்லைப் பற்றி ஒன்றும் இல்லை. இங்கிரிட் பார்த்துவிட்டாள்.

“உட்காருங்கள்” என்றாள். “தினமும் செய்துவந்து, இப்போது விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லுங்கள்.”

“ஒன்றுமில்லை” என்றேன். அவள் காத்திருந்தாள். இந்த ஊர்க்காரர்களுக்கு மௌனம் கூச்சமே தராது. கடைசியில் நான்தான் தோற்றேன். “அம்மாவோடு பேசும்போது போனைப் பிடிக்க முடியவில்லை. ஜாம் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, கைகளை மடியில் மறைத்துக்கொள்கிறேன்.” அதற்கும் தாளின் ஓரத்தில் இடம் கண்டுபிடித்து எழுதினாள். பயிற்சி தொடர்ந்தது. இந்த நாட்டின் மலையையும் கடலையும் எல்லோரும் புகழ்கிறார்கள். நான் அந்தக் காத்திருப்பைத்தான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். வழக்கம்போல நலம் விசாரித்தேன்.

“நல்லாருக்கறேன் கண்ணு” என்றார்.

இங்கிரிட்டின் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். “தெனமும் செஞ்சு, இப்ப உட்டுப்போட்டது ஏதாச்சும் இருக்குங்ளாம்மா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல அம்மணி.”

நான் காத்திருந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. அம்மாவின் படம் துளியும் ஆடவில்லை. இத்தனை மாதமும் அது ஆடாமல்தான் இருந்திருக்கிறது; நான் கவனிக்கவே இல்லை.

“போனைப் புடிக்க முடியறதில்ல கண்ணு. காப்பித்தூள் டப்பாவுல சாச்சு வெச்சுப்போட்டுத்தான் பேசறேன். நீ வெசனப்படுவேன்னு சொல்லல.”

“கையைக் காட்டுங்கம்மா” என்றேன்.

மடியிலிருந்து கைகளை மெல்லத் தூக்கினார். நானும் என்னுடையதைத் தூக்கினேன். “உனக்குமா கண்ணு?” என்றார். வீங்கிய விரல்கள் திரையில் பெரிதாக அவருடையவை, மூலையில் சின்னதாக என்னுடையவை. எது துடியலூர், எது பெர்கன் என்று வீக்கத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

“வலிக்குதுங்கம்மா” என்றேன்.