கல்லிடுக்கு அம்மான் பச்சரிசி

நாவலூரில் பஸ்ஸுக்கு நின்றபோது நடைபாதைக் கல்லிடுக்கில் அம்மான் பச்சரிசிச் செடியைப் பார்த்தேன். செருப்புகள் மிதித்து மிதித்து, தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது. வெயிலில் இலையெல்லாம் சிவந்திருந்தது. கிள்ளினேன், பால் வந்தது.

எண்பதுகளின் கடைசியில், செம்பாக்கத்தில் எங்கள் வாசலிலும் இது கிடந்தது. அப்பா இறந்தபிறகு அம்மா தாம்பரத்தில் ரயில் பிடித்து ஆபீஸுக்குப் போவாள். திரும்பிவர ஏழாகும். பள்ளி விட்டதும் பூட்டிய கதவுக்கு வெளியே, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருப்பேன்.

"நம்ம வூட்டாண்ட வாம்மா, இன்னாத்துக்கு தூசியில குந்திகினு கீற?" என்பாள் எதிர்வீட்டு அக்கா. அடுத்தவர் வீட்டுக்குப் போகக்கூடாதென்று அம்மா சொல்லியிருந்தாள். நான் போனதே இல்லை.

லாரி போகும்போதெல்லாம் செடிமேல் புழுதி படியும். அதுவும் என்னைப்போல வெளியிலேயே கிடக்கிறதே என்று ஒருநாள் தோண்டியெடுத்தேன். பால்பவுடர் டப்பாவில் நட்டு வீட்டுக்குள் வைத்து, இருவேளையும் தண்ணீர் ஊற்றினேன். யாரும் மிதிக்கவில்லை, புழுதியும் இல்லை. புதுக்கிளைகள் வெளுத்து நெட்டையாக எழும்பின. ஒரு மாதத்தில் நிற்கத் தெம்பில்லாமல் டப்பாவுக்கு வெளியே சாய்ந்துவிட்டன.

போன வருடம் அம்மாவைச் செம்பாக்கத்திலிருந்து என்னுடைய பத்தாவது மாடி வீட்டுக்கு அழைத்து வந்தேன். சமைக்க ஆள் இருக்கிறது, துவைக்க மெஷின் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு வேலையும் கிடையாது. எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது.

பஸ் வருவதற்குள் போன் அடித்தது.

"இன்னிக்கும் ஏழு மணி ஆகுமாடி?" என்றாள் அம்மா.